நந்தியாவட்டைப் பாலைக் கண்ணில் விடலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நந்தியாவட்டையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் செடி பூக்கவில்லை என்கிறார்கள், மீதிப் பேர் கண்ணுக்கு எப்படி விடுவது என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: செடி ஆளுயரம் வந்துவிட்டது, இலையெல்லாம் கரும்பச்சையில் தளதளவென்று இருக்கிறது, பூதான் இல்லை. மாதம் இருமுறை உரம் வைக்கிறேன், வாரம் ஒருமுறை நுனிகளை ஒரே மட்டமாக வெட்டிவிடுகிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இன்னும் எதுவும் செய்ய வேண்டாம், செய்துகொண்டிருப்பதில் பாதியை நிறுத்தினால் போதும். இந்தச் செடி எப்படிக் கிளைக்கிறது என்று ஒருமுறை பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரு கிளை வளர்ந்து நுனிக்கு வந்ததும் அங்கே பூங்கொத்து வரும், அந்த இடத்திலேயே கிளை இரண்டாகக் கவடு பிரியும், பிரிந்த இரண்டும் கொஞ்சம் வளர்ந்து அவற்றின் நுனியிலும் இதே கதை நடக்கும். ஆக, பூ வருவது புதுத் தளிரின் நுனியில்தான். வாரா வாரம் கத்தரியை எடுத்து மட்டம் தட்டினால், மொட்டு கண்ணில் படுகிற அளவு வருவதற்கு முன்பே குப்பைக்குப் போய்விடும். சுவர் மாதிரி சதுரமாக வெட்டி வைத்த நந்தியாவட்டை வேலிகள் பச்சையாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கவாத்து வேண்டும், ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும். நிறையப் பூத்து ஓய்ந்த கையோடு, மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம், கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் குச்சிகளை அடியோடு எடுத்துவிடுங்கள், காற்று உள்ளே போகட்டும். வெட்டின இடத்தில் பால் கொட்டும், பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் அதுவே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது உரம். மாதம் இருமுறை என்பது ரொம்ப அதிகம், அதிலும் தழைச்சத்து கூடுதலாக உள்ள உரம் என்றால் செடி இலை போடுவதிலேயே குறியாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கை மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ போதும். அப்புறம் வெயில். நிழலிலும் பிழைத்துக்கொள்ளும் செடி என்று சொல்வதை நம்பி மரத்தடியில் நட்டுவிடுகிறார்கள். பிழைக்கும், பூக்காது. தினம் 4 முதல் 6 மணி நேரம் நேர் வெயில் படுகிற இடமாகப் பாருங்கள்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது. தண்ணீர் போதவில்லையா, அதிகமா?

பதில்: எந்த இலை என்று நீங்கள் எழுதவில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. அடியில் இருக்கும் பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயதானது, விடுங்கள். அடி இலைகள் கூட்டமாக மஞ்சளாகி, மண்ணும் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் அதிகம், வேர் மூச்சுவிட முடியாமல் அழுக ஆரம்பித்திருக்கும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நிலத்தில் ஊன்றி வேர் பிடித்த செடி சில நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் சமாளிக்கும், தொட்டிச் செடிக்கு அந்தத் தெம்பு கிடையாது.

நுனியில் வருகிற புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோலம் போட்ட மாதிரி தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. பல சமயம் மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் மண் களர்த்தன்மை ஏறியிருப்பதால் வேரால் அதை இழுக்க முடியாது. சுண்ணாம்பு கலந்த உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்தால் தொட்டி மண் சீக்கிரம் இப்படி ஆகிவிடும். முடிந்தபோதெல்லாம் மழைத் தண்ணீர் ஊற்றுங்கள், மேல் மண்ணில் மக்கின இலையுரம் கலந்துவிடுங்கள். உடனே தெளிய வேண்டுமானால் கீலேட் இரும்பு (வேர் எளிதாக இழுக்கிற வடிவில் இருக்கும் இரும்புச்சத்து) என்று கேட்டு வாங்கி, அட்டையில் போட்டிருக்கும் அளவிலேயே கொடுங்கள். ஏற்கெனவே வெளுத்த இலை முழுசாகத் திரும்பாது, அடுத்து வருகிற தளிரைப் பார்த்துத்தான் முன்னேற்றத்தைச் சொல்ல முடியும்.

கேள்வி: காலையில் எழுந்து பார்த்தால் ஒரு கிளை முழுக்க மொட்டை. கீழே மிளகு அளவுக்குக் கரும் உருண்டைகள் கிடக்கின்றன. எலியா?

பதில்: எலி இல்லை, புழு. அந்த உருண்டைகள் அதன் எச்சம். உருண்டை கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் கிளையில், இலைக்கு அடிப்பக்கம் பொறுமையாகத் தேடுங்கள். விரல் தடிமனில், இலைப் பச்சையில் ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெள்ளையும் நீலமுமாகக் கண் மாதிரி ஒரு புள்ளி, விலாவில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, வாலில் சின்னக் கொம்பு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பொய்க் கண்ணை விரித்துக் காட்டும், பறவைகளை மிரட்டுகிற வேலை அது. உங்களைக் கடிக்காது, கொட்டாது.

அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு இது. அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை மூன்றும் ஒரே குடும்பம், மூன்றின் இலையையும் தின்னும். மற்ற பூச்சிகள் ஒதுங்கிப் போகும் பால் இதை ஒன்றும் செய்வதில்லை. வளர்ந்த அந்துப்பூச்சியைப் பார்த்தால் அடிக்க மனசு வராது, பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து பளிங்கில் வரைந்த மாதிரி இறக்கை, அந்தி நேரத்தில் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும்.

பெரிய செடி என்றால் ஒன்றிரண்டு புழுவை அப்படியே விட்டுவிடலாம், சில வாரத்தில் புது இலை வந்து மூடிவிடும். நான் விட்டுவிடுகிற கட்சி. சின்னத் தொட்டிச் செடியில் அப்படி விட முடியாது, ஒரே புழு மொத்தச் செடியையும் காலி பண்ணிவிடும். கையால் எடுத்து வேறு இடத்தில் விட்டுவிடுங்கள், மருந்தே தேவையில்லை. நிறைய இருந்தால், புழுக்கள் சின்னதாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை மாலையில் தெளிக்கலாம், விரல் தடிமன் வந்த பிறகு அது அவ்வளவாக வேலை செய்யாது. முழு வளர்ச்சி வந்ததும் நிறம் பழுப்பாகி, கீழே இறங்கி, செடியடியில் கிடக்கும் சருகுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். வருஷா வருஷம் தொல்லை என்பவர்கள் அந்தச் சருகைக் கிளறிப் பார்க்கலாம்.

இலைகளை நூலால் சேர்த்து ஒட்டி அதற்குள் உட்கார்ந்து சுரண்டித் தின்னும் மெல்லிய பச்சைப் புழு வேறு வகை. ஒட்டின இலையைத் திறக்க வேண்டாம், அப்படியே கிள்ளி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: இலை மேல் கரி பூசின மாதிரி இருக்கிறது, எறும்பும் ஏறுகிறது.

பதில்: கரி என்பது கரும்பூசணம். இலைக்கு அடியிலும் கவட்டிலும் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை மேலிருந்து கீழே சொட்டும், அதில்தான் பூசணம் வளர்கிறது. எறும்பு அந்த இனிப்புக்காக வந்து பூச்சிக்குக் காவல் இருக்கும், அதனால் எறும்பின் வழியையும் அடைக்க வேண்டும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், இரண்டையும் நன்றாகக் கலக்கி வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு முறை. ஒரே முறை அடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று எழுதாதீர்கள்.

கேள்வி: குச்சி ஊன்றினால் வருமா? நான் வைத்தது கருத்துப் போய்விட்டது.

பதில்: நன்றாகவே வரும். இளந்தளிரை ஊன்றினால் அழுகும், முற்றின கட்டையை ஊன்றினால் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். இரண்டுக்கும் நடுவில், பென்சில் தடிமனில், 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குச்சியைக் கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். பால் வடிவது நிற்கும்வரை தண்ணீரில் காட்டிக் கழுவி, கொஞ்ச நேரம் உலரவிட்டு ஊன்றுங்கள். இதைச் செய்யாமல் ஊன்றினால் பால் வெட்டுவாயில் கட்டிக்கொள்ளும். மேலே இரண்டு இலை போதும், அதையும் பாதியாக நறுக்கிவிடலாம். மணலும் தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி, ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, நேர் வெயில் படக் கூடாது. மழைக்காலம் சரியான சமயம். 4 முதல் 6 வாரத்தில் வேர் வரும். வந்ததா என்று தினம் பிடுங்கிப் பார்க்கிறவர்களுக்குக் கடைசிவரை வராது, மெதுவாக இழுத்துப் பாருங்கள், பிடிமானம் தெரிந்தால் வந்துவிட்டது.

கேள்வி: ஒற்றை, அடுக்கு இரண்டில் எது நல்லது? ஒற்றைச் செடியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ காய்த்திருக்கிறது.

பதில்: பராமரிப்பில் வித்தியாசம் எதுவும் இல்லை. ஒற்றையில் ஐந்து இதழ் காற்றாடி மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கும், சளைக்காமல் பூக்கும். அடுக்குப் பூ கனமாக ரோஜா போல இருக்கும், வாசனையும் பொதுவாக அதில்தான் கூடுதல், அதுவும் இரவில். ஜன்னலோரம் வைக்க ஒன்றுதான் இடம் என்றால் நான் அடுக்கைச் சொல்வேன். நீங்கள் பார்த்தது காய்தான். வளைந்த கொம்பு மாதிரி இரட்டையாக வரும், வெடித்தால் உள்ளே விதையைச் சுற்றிச் சிவப்புச் சதை இருக்கும். பார்க்கப் பழம் போலத் தெரியும், தின்னக் கூடாது, சின்னப் பிள்ளைகள் இருந்தால் கிள்ளிப் போட்டுவிடுங்கள். அடுக்குப் பூவில் காய் பிடிப்பது அபூர்வம்.

கேள்வி: நந்தியாவட்டைப் பாலைக் கண்ணில் விட்டால் கண்புரை கரையும் என்கிறார்கள். எத்தனை சொட்டு விட வேண்டும்?

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம். நாட்டு மருத்துவத்தில் இந்தச் செடியைக் கண்ணோடு சேர்த்தே பேசுவார்கள், அது உண்மை. ஆனால் கண்புரை என்பது கண்ணின் மேல் படிந்த அழுக்கு கிடையாது, கருமணிக்குப் பின்னால் உள்ளே இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. மேலே எதை ஊற்றினாலும் அது தெளியாது, அறுவை சிகிச்சையில் மங்கின லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைப்பதுதான் வழி. செடிப் பாலோ எரிச்சல் உண்டாக்குகிற பொருள். விழிவெண்படலம் புண்ணாகலாம், கிள்ளின காம்பிலும் கையிலும் இருக்கும் கிருமி உள்ளே போய்ச் சீழ் வைக்கலாம், புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம். கண்ணில் விடும் மருந்து கிருமி நீக்கியதாக, அமிலத்தன்மை சரி பார்த்ததாக இருக்க வேண்டும், காம்பைக் கிள்ளிச் சொட்டுவதில் இரண்டுமே கிடையாது.

இந்தச் செடியில் ஆல்கலாய்டுகள், அதாவது உடலில் வேலை காட்டுகிற தாவர வேதிப்பொருள்கள், நிறைய உண்டு, ஆய்வகங்களில் அவற்றைப் பிரித்தெடுத்துச் சோதிக்கிறார்கள், மறதி நோய்க்கு உதவுமா என்றுகூடப் பார்த்திருக்கிறார்கள். அதெல்லாம் அளவு தெரிந்து, சுத்தம் செய்து, பொருளைத் தனியாக எடுத்துப் பார்க்கிற வேலை. சோதனைக் குழாயில் ஒன்று நடந்தது என்பதால் அது உங்கள் கண்ணிலும் நடக்கும் என்று ஆகாது. வேர்க் கஷாயம், இலைச்சாறு குடிப்பதும் இதே கணக்குதான், பயிற்சி பெற்ற மருத்துவர் பார்த்துக் கொடுக்காமல் வாயில் வைக்காதீர்கள். கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கவாத்து செய்யும்போது பால் தெறித்துவிட்டால் கண்ணைத் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடாமல் ஓடவிட்டுக் கழுவுங்கள், கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். சிவப்போ வலியோ மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவர். வெட்டும்போது கையுறையும் சாதாரணக் கண்ணாடியும் போட்டுக்கொண்டால் இந்தப் பாடே இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது நந்தியாவட்டையா, வெள்ளை அரளியா?

பதில்: இலையைப் பாருங்கள். நந்தியாவட்டை இலை அகலமாக, பளபளப்பாக, ஒரு கணுவுக்கு எதிரெதிராக இரண்டு இருக்கும். அரளி இலை கத்தி மாதிரி குறுகி நீண்டு, பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாகச் சுற்றி வரும். இதில் குழப்பம் கூடாது, அரளியின் எல்லாப் பாகமும் இதயத் துடிப்பையே பாதிக்கிற நஞ்சு. யாராவது அரளியைத் தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், செடியின் ஒரு கொத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: தொட்டியில், வீட்டுக்குள் வளர்க்கலாமா?

பதில்: தொட்டியில் தாராளமாக. 12 முதல் 14 அங்குலத் தொட்டி, அடியில் துளை, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண் மாற்றி, சுற்றி ஓடின வேரைக் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள். இடம் குறைவு என்றால் குட்டை வகையாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் என்றால் வெயில் விழுகிற ஜன்னலுக்கு ஒட்டி வைத்தால் மட்டுமே பூக்கும். 10 டிகிரிக்குக் கீழே போகிற குளிர் இருந்தால் அந்த மாதங்களில் உள்ளே எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள், இலை கொஞ்சம் கொட்டும், சூடு திரும்பியதும் துளிர்க்கும். உறைபனியில் வெளியே விட்டால் கிளைகள் கருகிவிடும்.