போர்ட்டா ப்ரோவா, கே.எஸ்.சி. 75-ஆ, பி.எக்ஸ். 100-ஆ?

கேள்வி: விலை குறைந்த, பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய வயர் ஹெட்ஃபோன்களில் காஸ் போர்ட்டா ப்ரோ, காஸ் கே.எஸ்.சி. 75, சென்ஹைசர் பி.எக்ஸ். 100 மூன்றையும் பலர் சொல்கிறார்கள். ஒலித்தரத்தில் எது நல்லது?

மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அதிகம் கேட்பது கச்சேரிப் பதிவுகள், அடுத்தது எண்பதுகளின் திரைப்பாடல்கள். என் காது அதற்குப் பழகியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். காஸின் இரண்டு மாடலுக்கும் ஒரே எண்கள்தான்: மின்தடை 60 ஓம், ஒலி அதிர்வெண் 15 முதல் 25,000 ஹெர்ட்ஸ் வரை. ஒரே மிருதங்கப் பதிவை இரண்டிலும் கேட்டால், வாசிப்பவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாரோ என்று தோன்றும். போர்ட்டா ப்ரோவில் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், பெருத்து முன்னால் வருகிறது. அங்கே எழும் கும்கி நாதம் உருண்டு உருண்டு வருவது கேட்கச் சுகம்தான். ஆனால் பாடகரின் குரல் அதன் பின்னால் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. கே.எஸ்.சி. 75-ல் வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தின், 'நம்' பளிச்சென்று விழுகிறது, வயலின் வில் தந்தியில் உராய்வதுகூடக் காதில் படுகிறது. அந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடிய பதிவுகளில் 'ஸ', 'ச' எல்லாம் உறைக்கும். பி.எக்ஸ். 100 இரண்டுக்கும் நடுவில் என்று சொல்ல மாட்டேன், அது வேறு சுபாவம். மேல் ஒலிகளை மழுக்கி, எல்லாவற்றையும் இதமாகத் தருகிறது. மூன்று மணி நேரக் கச்சேரியை ஒரே மூச்சில் கேட்டாலும் காது களைப்பதில்லை. தம்புராவின் ரீங்காரம் மட்டும் மங்கிவிடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பு.

இந்த முடிவுக்கு நான் ஒரே நாளில் வரவில்லை. கே.எஸ்.சி. 75 வாங்கிய புதிதில் 'எல்லாவற்றிலும் இதுதான் ஒசத்தி' என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். அப்புறம்தான் புரிந்தது, புதுசு என்ற ஆசையில் அதைக் காதில் வைக்கும்போதெல்லாம் வால்யூமை ஒரு படி ஏற்றியிருக்கிறேன். சத்தம் சற்றுக் கூடினாலே போதும், 'சத்தம் கூடியிருக்கிறது' என்று தோன்றாமல் 'தெளிவு கூடியிருக்கிறது' என்றுதான் தோன்றும். பேஸ் என்கிற அடி ஒலியும் அப்படித்தான். சத்தம் குறையக் குறைய மந்தர ஒலிகள் நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்துபோகும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெச்சரும் மன்சனும் இதை அளந்து 1933-லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

அதனால் இப்போது ஒப்பிடும்போது இப்படிச் செய்கிறேன். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஃபோனில் ஓடவிட்டு, ஒவ்வொரு ஹெட்ஃபோனிலும் அது ஒரே அளவு சத்தமாகக் கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்து, எந்தப் படியில் நின்றது என்று குறித்துக்கொள்வேன். பிறகு நன்றாகப் பழகிய பாட்டின் ஒரே முப்பது விநாடியை மாற்றி மாற்றிக் கேட்பேன். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு அடுத்ததை எடுத்தால் முதலில் கேட்டது மனத்தில் நிற்பதில்லை.

அடுத்தது, காதில் எப்படி உட்காருகிறது என்பது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. இவை மூன்றும் காதின் மேல் பஞ்சு வைத்துப் பட்டும் படாமலும் உட்காருபவை. பஞ்சை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், பேஸ் உடனே ஏறும். கே.எஸ்.சி. 75-க்குத் தலைப்பட்டையே கிடையாது, காதில் மாட்டும் கொக்கிதான். கொக்கி தளர்ந்திருந்தால் ஒலி சப்பென்று இருக்கும். 'பேஸே இல்லை' என்று அதைக் குறை சொன்ன ஒரு நண்பருக்குக் கொக்கியைச் சற்று உள்பக்கம் வளைத்துக் கொடுத்தேன், குறை பாதி போய்விட்டது. போர்ட்டா ப்ரோவில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கச் சின்னத் தள்ளுகட்டை இருக்கிறது. பேஸ் அதிகமாகத் தெரிந்தால் அதை 'லைட்' பக்கம் தள்ளிப் பாருங்கள். 1984-ல் வந்த வடிவம், இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அதன் உலோகப் பட்டையில் முடி சிக்கும், நீண்ட கூந்தல் உள்ளவர்கள் யோசித்து வாங்குங்கள்.

மூன்றுமே திறந்த அமைப்பு. வெளிச்சத்தம் உள்ளே வரும், பாட்டு வெளியே போகும். பேருந்திலோ ரயிலிலோ கேட்பதற்குத்தான் என்றால் மூன்றும் வேண்டாம், காதுக்குள் செருகும் இயர்ஃபோன் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள், காதுக்கு ஆபத்து. வீட்டில், மொட்டை மாடியில், அதிகாலை நடையில் கேட்க இவை அருமை. ஒலி தலைக்குள் அடைபடாமல் சுற்றிலும் காற்றோட்டமாக இருக்கும்.

வாங்குவது பற்றி: அமெரிக்காவில் கே.எஸ்.சி. 75 சுமார் 20 டாலர், போர்ட்டா ப்ரோ சுமார் 50 டாலர். பி.எக்ஸ். 100 உற்பத்தி நின்றுவிட்டது, பழையதுதான் தேட வேண்டும். எனக்கு அதில் மிகப் பிடித்தது, மடித்து மூக்குக் கண்ணாடிக் கூடு போன்ற பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்பது. ஆனாலும் புதிதாக வாங்குபவருக்குச் சொல்ல மாட்டேன்.

குரல், வயலின், வீணை என்று கேட்பவர் கே.எஸ்.சி. 75 வாங்குங்கள். பேஸ் கிடார் நடக்கும் திரைப்பாடல்கள்தான் உங்கள் உலகம் என்றால் போர்ட்டா ப்ரோ. ஒன்றே ஒன்று என்றால் நான் கே.எஸ்.சி. 75-ஐத்தான் எடுப்பேன், விலையையும் சேர்த்துப் பார்த்து. கூடவே ஒரு ஜோடி உபரிப் பஞ்சும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வியர்வைக்கு அது சீக்கிரம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், உதிரத் தொடங்கியதுமே ஒலியும் மாறிவிடும்.