இரண்டு ஹைட்ரோபோன் வைத்தால் படகு இருக்கும் இடம் தெரியுமா?

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு மாணவன் நான். மீன்பிடித் துறைமுகத்தின் வாயிலில் மூன்று மீட்டர் இடைவெளியில் இரண்டு ஹைட்ரோபோன்களை (நீருக்கடியில் ஒலியைப் பிடிக்கும் மைக்) தொங்கவிட்டு, வரும் படகு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் புராஜெக்ட். ஒவ்வொரு ஹைட்ரோபோனுக்கும் தனி ரெக்கார்டர் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். இரண்டு சேனல் உள்ள ஒரே ரெக்கார்டர் போதும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். மூன்று மீட்டரைக் கடக்க 2 மில்லி நொடி. உங்கள் கணக்கு முழுவதும் அந்த 2 மில்லி நொடிக்குள்தான் நடக்கிறது. தனித்தனி ரெக்கார்டர் என்றால் கடிகாரமும் தனித்தனி. பத்து லட்சத்தில் 20 பங்குதான் பிசகு என்றாலும் ஒரு மணி நேரத்தில் 72 மில்லி நொடி விலகிவிடும். ஆரம்பத்தில் கைதட்டி, அந்தச் சத்தத்தை வைத்து இரு பதிவுகளையும் பொருத்துவதெல்லாம் முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்கே தாங்காது.

அடுத்தது, இரண்டு ஹைட்ரோபோன் திசையைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. ஒலி ஒன்றைவிட மற்றொன்றுக்கு 1 மில்லி நொடி தாமதமாக வந்தால் பாதை வித்தியாசம் 1.5 மீட்டர், நேர் எதிரிலிருந்து 30 டிகிரி விலகி வருகிறது என்று பொருள். அது முன்பக்கமா பின்பக்கமா என்பதுகூடத் தெரியாது. மூன்றாவது ஒன்றை முக்கோணமாக வைத்தால் அந்தக் குழப்பம் தீரும். இடம் வேண்டுமென்றால் நூறு இருநூறு மீட்டர் தள்ளி இன்னொரு தொகுதி வேண்டும். இரண்டு திசைக்கோடுகளும் வெட்டும் இடத்தில் படகு. 2017 நவம்பரில் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி காணாமல் போனபோது, அட்லாண்டிக்கில் உள்ள அசென்ஷன், தெற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள குரோஸே ஆகிய தீவுகளருகே இருக்கும் அணுசோதனைக் கண்காணிப்பு நிலையங்களில் பதிவான ஒலியை வைத்துத் தேடும் பகுதியைக் குறுக்கியதும் இந்த வழியில்தான். அங்கேயும் மும்மூன்று ஹைட்ரோபோன்கள் முக்கோணமாகத்தான் இருக்கின்றன. கப்பல் கிடைக்க ஓராண்டு ஆனது என்பது வேறு கதை.

பதிவைக் கேட்டால் அப்பளம் பொரிகிற மாதிரி படபடப்பு இருக்கும். கருவியில் கோளாறு என்று கழற்றிவிடாதீர்கள், அது கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்களின் சத்தம். 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ராஜ்ஜியம். அதற்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு, இரு சேனல்களையும் ஒப்பிட்டுத் தாமதத்தைப் பாருங்கள்.

படகை அடையாளம் காண நினைத்தால் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று, கியர் மூன்றுக்கு ஒன்று என்றால் புரொப்பல்லர் 500 சுற்றுதான். மூன்று இதழ் இருந்தால் நொடிக்கு 25 துடிப்பு. அந்த 25 ஹெர்ட்ஸை நேரடியாகத் தேடாதீர்கள். ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் அவ்வளவு தாழ்ந்த ஒலி தூரம் போகாது. புரொப்பல்லர் கிளப்பும் குமிழி இரைச்சலின் ஏற்ற இறக்கத்தில் அது தெரியும்.

துறைமுகச் சுவரில் கட்டினால் எதிரொலி படுத்தும். கொஞ்சம் தள்ளியே இறக்குங்கள். முறையான அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் தெரிந்தவர் படகு ஒன்றில் செல்போன் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு நாலு சுற்று வரச் சொல்லி, உங்கள் திசைக்கோடு அந்தத் தடத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.