பலவீனமான இதயத்துக்குத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஏன்?

உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலையே இதயச் செயலிழப்பு. ஏற்கெனவே தளர்ந்த இதயத்தை மேலும் மெதுவாக்கும் பீட்டா பிளாக்கரை எதற்குக் கொடுக்கிறார்கள்? நியாயமான கேள்விதான். மருத்துவர்களே நெடுங்காலம் இதைக் கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தார்கள்.

ரத்த ஓட்டம் குறைவதை உணரும் உடல், அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை இதயச் செல்களின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டி ‘இன்னும் வேகமாக’ என்று விரட்டுகின்றன. கொஞ்ச நாளைக்கு இது கைகொடுக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் செல்களே நைந்து மடியும். மேட்டில் பாரவண்டி இழுத்துக் களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மாத்திரை அந்தக் குச்சியைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர், இந்த மாத்திரை கொடுத்த ஏழே நோயாளிகளிடம் கண்ட முன்னேற்றத்தை வெளியிட்டார்கள். எளிதில் யாரும் நம்பவில்லை. 1999-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு சுமார் 34 சதவீதம் குறைந்திருந்தது.

தொடக்க வாரங்களில் களைப்பு கூடுவதைப் பார்த்து, ‘மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சிலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில், திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.