துண்டும் கூச்சலும்

அன்புள்ள ஐயா,

சிகாகோ முன்பேரச் சந்தையில், அதாவது பின்னால் கைமாறப்போகும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் இடத்தில், வியாபாரிகள் கூச்சல் போட்டே பேரம் பேசியது பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். எங்கள் பக்கம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அங்கே ஏன் அப்படிக் கத்தினார்கள்? அந்தக் களேபரத்தில் வியாபாரம் நின்றுபோனது உண்டா?

எஸ்., அந்தியூர்

அன்புள்ள எஸ்.,

விலை வெளியே தெரியக்கூடாது என்றுதானே துண்டு? சிகாகோவில் விதியே தலைகீழாக இருந்தது. வியாபாரிகள் கூடி நின்ற படிக்கட்டு வைத்த பள்ளத்துக்குக் குழி என்று பெயர்; அதில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி விலையைச் சொல்ல வேண்டியிருந்தது. காதோடு பேசி முடித்தால் அது திருட்டுப் பேரம்.

ஆனால் விரலை அவர்களும் விடவில்லை. உள்ளங்கை தன் பக்கம் திரும்பியிருந்தால் வாங்குகிறேன், எதிரில் இருப்பவரைப் பார்த்தால் விற்கிறேன். முகவாயில் வைத்த விரல் ஒன்று, இரண்டு என்று கணக்கு. அதையே நெற்றிக்குக் கொண்டுபோனால் பத்து, இருபது. நெரிசலில் கண்ணில் பட வேண்டுமே, அதற்காகக் கண்ணைப் பறிக்கும் கலரில் கோட்டு. குள்ளமானவர்கள் தடித்த அடி வைத்த ஷூ போட்டு உயர்ந்தார்கள். படியில் கால் பிசகி அடிபடவே, 2000-ல் அங்குள்ள சந்தைகளில் ஒன்றான சிகாகோ மெர்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் 2 அங்குலத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது!

வியாபாரம் நின்றதும் உண்டு. 1992 ஏப்ரல் 13 அன்று சிகாகோ ஆறு நகருக்கு அடியில் இருந்த பழைய சரக்குச் சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டது. பாலத்தருகே அடித்த தூண்கள் சுரங்கச் சுவரைக் கெடுத்திருந்தன. தெரு காய்ந்து கிடந்தது, கட்டடங்களின் அடித்தளத்தில் மட்டும் வெள்ளம். சந்தைகளை மூடிவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டியதாயிற்று. ஓட்டையை அடைக்க லாரி லாரியாகக் கல், சிமெண்ட், கூடவே பழைய மெத்தைகளும் போட்டார்கள்.

லண்டன் கதை இன்னும் சுவாரசியம். 2005 பிப்ரவரி 16, புவி வெப்பமாவதைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள். கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 30 பேருக்கு மேல் அங்கிருந்த சர்வதேச பெட்ரோலியச் சந்தைக்குள் புகுந்தார்கள். கையில் விசில், ஹாரன், அலாரம். வியாபாரத்தை நிறுத்தப் பூட்டும் சங்கிலியும்கூட வேண்டியதில்லை. விலை காதில் விழாவிட்டால் சந்தையே இல்லை. கணக்கு சரிதான். ஆனால் குழிக்காரர்களைச் சரியாக எடைபோடவில்லை. அடி, உதை விழுந்து, வந்தவர்கள் வாசலுக்குத் தள்ளப்பட்டார்கள். அப்புறம் ஏழே வாரத்தில் அந்தத் தளத்தையே மூடி, வியாபாரம் முழுவதையும் கணினிக்கு மாற்றிவிட்டார்கள்.

சரி, துண்டுக்குள் எந்த விரலுக்கு எவ்வளவு கணக்கு? தெரிந்தால் எழுதுங்கள்.