எந்தத் தலைமைப் பாணி சிறந்தது? பள்ளித் தலைமை ஆய்வுகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஆய்வேட்டுக்காகத் தலைமைப் பாணிகள் பற்றிய கட்டுரைகளைச் சேர்த்தேன். பாதிக் கட்டுரைகள் உருமாற்றத் தலைமையைக் கொண்டாடுகின்றன. மீதி கற்பித்தல்சார் தலைமையைக் கொண்டாடுகின்றன. எதை நம்புவது?

பதில்: முதலில் கட்டுரைகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஆசிரியர்களின் மனநிறைவை அளந்தவை ஒன்று, மாணவர்களின் கற்றலை அளந்தவை மற்றொன்று. சண்டையில் பாதி அங்கேயே அடங்கிவிடும். இலட்சியத்தைக் காட்டி ஊக்கமூட்டும் உருமாற்றத் தலைமை முதல் குவியலில்தான் ஜொலிக்கிறது. மாணவர் கற்றலை மட்டும் எடுத்துக்கொண்டு கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சன் குழுவினர் 2008இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள், அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். அதில், வகுப்பறைக் கற்பித்தலை மேம்படுத்துவதில் கவனம் வைக்கும் கற்பித்தல்சார் தலைமையின் சராசரி விளைவு 0.42, உருமாற்றத் தலைமைக்கு 0.11 (0 என்றால் விளைவே இல்லை, எண் கூடினால் விளைவும் கூடும்).

கேள்வி: அப்படியானால் வழக்கு முடிந்துவிட்டதே?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 0.11 ஐந்தே ஆய்வுகளிலிருந்து வந்தது. ஆசிரியர்களின் கற்றலில் தலைமையாசிரியரும் பங்கெடுப்பதற்கு அதே குழு தந்த 0.84 என்ற எண், பயிற்சி வகுப்புகளில் வேதவாக்காக ஓதப்படுகிறது. அதன் அடியில் இருப்பவை ஆறு ஆய்வுகள். தவிரவும், சேர்க்கப்பட்டவற்றில் பல, மிகச் சிறந்த பள்ளிகளையும் மிகப் பின்தங்கிய பள்ளிகளையும் எதிரெதிரே நிறுத்தியவை. இரண்டு ஓரங்களை ஒப்பிட்டால் இடைவெளி பெரிதாகத்தானே தெரியும்? 2003இல் விட்சியர்ஸ், போஸ்கர், குரூகர் என்ற ஆய்வாளர்கள் மூவரும், தலைமையாசிரியர் மாணவர் கற்றலில் ஏற்படுத்தும் நேரடி விளைவைத் தேடினார்கள். கிடைத்த சராசரித் தொடர்பு வெறும் 0.02. தலைமையாசிரியரின் செல்வாக்கு பெரும்பாலும் ஆசிரியர்கள் வழியாகத்தான் மாணவரைச் சென்றடைகிறது என்று ஆய்வாளர்கள் ஹாலிங்கரும் ஹெக்கும் 1996இலேயே எழுதிவிட்டார்கள். நேர்க்கோடு போட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாததில் வியப்பில்லை.

கேள்வி: ஆசிரியர்களுக்கு ஒரே வினாத்தாளைக் கொடுத்து, தலைமைப் பாணியையும் பணி நிறைவையும் சேர்த்துக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். தலைமையாசிரியரைப் பிடித்தவர் இரண்டு பகுதியிலும் தாராளமாக மதிப்பெண் போடுவார். நீங்கள் அளந்தது பாணியை அல்ல, பிரியத்தை.

கேள்வி: தலைமைப் பாணிகள் பற்றி உளவியலாளர் கர்ட் லெவின் குழு நடத்திய ஆய்வைக் கொண்டு ஆய்வேட்டைத் தொடங்கலாமா?

பதில்: வரலாறாகச் சொல்லுங்கள், சான்றாக வேண்டாம். 1939இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் பொழுதுபோக்குக் குழுக்களில் சேர்ந்த பத்து வயதுச் சிறுவர்கள். தலைமையாசிரியர் ஒருவர்கூட இல்லை!

கேள்வி: நான் பயிற்சி ஒருங்கிணைப்பாளர். எங்கள் பயிற்சி முடிந்ததும் கலந்துகொண்ட அனைவரும் தன்னம்பிக்கை கூடியதாக எழுதிக் கொடுத்தார்கள். இது போதாதா?

பதில்: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கிராமப்புறப் பள்ளிகளில் நடந்ததைக் கேளுங்கள். குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து, ஒரு பகுதியின் தலைமையாசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் திறன் வளர்ந்ததாகச் சொன்னார்கள். மாணவர் மதிப்பெண் அசையவில்லை. 2015இல் வெளியான முடிவு இது. அமெரிக்காவின் எட்டு மாவட்டங்களில் 100 பள்ளிகளை வைத்து, ஏறக்குறைய 190 மணிநேரப் பயிற்சி அளித்த மற்றோர் ஆய்வும் 2019இல் மாணவர் கற்றலில் மாற்றமில்லை என்றே சொன்னது.

அமெரிக்க நகரான ஹூஸ்டனில் நடந்த ஆய்வு வேறு கதை. பொருளாதார வல்லுநர் ரோலண்ட் ஃபிரையர் அங்கே தலைமையாசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 300 மணிநேரம், பாடத் திட்டமிடல், தேர்வுத் தரவுகளைப் பயன்படுத்துதல், வகுப்பைக் கவனித்து ஆசிரியருக்கு வழிகாட்டுதல் ஆகியவற்றில் பயிற்சி கொடுத்தார். முதல் ஆண்டில் மதிப்பெண் கூடியது. இரண்டாம் ஆண்டில் தெளிவான விளைவு இல்லை. ஆகவே உங்கள் படிவங்களைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் மாணவர் மதிப்பெண்ணையும், பயிற்சி பெற்றவர்கள் அதே பள்ளியில் நீடிக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். மாற்றலாகிப் போனவரின் பயிற்சி இந்தப் பள்ளிக்கு எப்படி உதவும்?

கேள்வி: நான் தலைமையாசிரியர். நாள்தோறும் எல்லா வகுப்புகளையும் ஒரு சுற்றுச் சுற்றி எட்டிப் பார்க்கிறேன். இது கற்பித்தல்சார் தலைமைதானே?

பதில்: அமெரிக்காவின் மயாமியில் சுமார் 100 தலைமையாசிரியர்களை நாள் முழுதும் பின்தொடர்ந்து நேரத்தைக் குறித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து வழிகாட்டிய நேரம் மாணவர் முன்னேற்றத்தோடு ஒத்துப்போனது. வெறுமனே எட்டிப் பார்த்துச் சென்ற நேரம் எதிர்த்திசையில் நின்றது. சுற்றைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் ஓர் ஆசிரியரோடு உட்காருங்கள்.