பீங்கான் ஜாடியின் முப்பரிமாண மாதிரியில் ஓட்டை விழுவது பற்றி

வணக்கம். அருங்காட்சியகத்துப் பீங்கான் ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தும் முப்பரிமாண மாதிரி ஓட்டையாக வருகிறது, வெள்ளைப் பவுடர் ஸ்பிரே அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பழம்பொருள் மேல் எதையும் பூசக் கூடாது. விரிசலுக்குள் போனால் எடுக்கவே முடியாது.

சிக்கல் பளபளப்பில்தான். கேமரா நகர நகர ஒளித்தெறிப்பும் இடம் மாறுகிறது. அதனால் மென்பொருளால் ஒரே புள்ளியைப் பல படங்களில் பொருத்திப் பார்க்க முடிவதில்லை. ஃபிளாஷுக்கு முன்னால் போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) தாள் ஒட்டுங்கள். லென்ஸிலும் ஒரு போலரைசர் மாட்டி, தெறிப்பு மறையும்வரை திருப்புங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் நிற்கும்போது மறையும். வெளிச்சம் நிறையக் குறையும், ஃபிளாஷின் வலுவைக் கூட்டிக்கொள்ளுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். நல்ல மென்பொருள் வரும்போது, ஜாடியை மறுபடி தொடாமலே புது மாதிரி செய்துகொள்ளலாம்.