ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குப் போகலாமா? அந்த வேலை எப்படி இருக்கும்?

பிஎஸ்சி பயோடெக் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டம் குடிபாலா பக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, உடம்புக்கு ஏதாவது என்றால் பஸ் ஏறி வேலூர். ஒன்பது வருஷமாக பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், வளர்க்கிறேன்.

வளர்க்கிறேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அம்மாவுக்கு இரண்டு கறவை மாடு. தீபாவளியோ கல்யாணமோ, காலையும் மாலையும் பால் கறந்தே ஆக வேண்டும். என் பாடும் அதுதான். நான் வைத்திருப்பவை ஐபிஎஸ் செல்கள்: சாதாரண உடல் செல்லை ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லாக மாற்றி எடுத்தவை. தினமும் பழைய மீடியத்தை, அதாவது செல்லுக்குத் தீனியான திரவத்தை, உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுக்கென்ன தெரியும்? மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நல்ல செல்கூட்டம் தட்டையாக, ஓரம் வெட்டிவைத்த மாதிரி இருக்கும். ஓரம் பிசிறடித்தால் அது வேறு செல்லாக மாறத் தொடங்கிவிட்டது, சுரண்டி எறிய வேண்டியதுதான். அதைப் பார்த்ததும் சொல்லும் கண் வர எனக்கு ஒரு வருஷம் ஆனது.

இந்த ஐபிஎஸ் செல்லைக் கொடுத்தவர் ஜப்பானின் ஷின்யா யாமானாகா. எலும்பு அறுவை சிகிச்சை பழகப் போனவர். கை வேகம் போதாமல் சீனியர்கள் 'ஜாமானாகா' என்று கிண்டல் செய்தார்களாம். ஜப்பானியத்தில் 'ஜாமா' என்றால் இடைஞ்சல். அவர் குழு 24 ஜீன்களில் தொடங்கி, ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, சாதாரண செல்லை ஸ்டெம் செல்லாக்க நாலே போதும் என்று கண்டுபிடித்தது. 2006-ல் எலி செல், 2007-ல் மனித செல், 2012-ல் நோபல். கேட்க ஜோராக இருக்கும். எத்தனை தட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

என் குப்பைக் கதை ஒன்று. மூன்றாம் வருஷம் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் செல் வளரும் இன்குபேட்டருக்குப் போகும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் மீட்டரைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து இன்குபேட்டரைத் திறந்தால், சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம் ஊதா கலந்த ரோஸ் நிறத்தில். வாயு தீர்ந்து செல்கள் போய்விட்டன. நாலு மாச வேலை. யாரைக் குறை சொல்ல?

படிப்பு, சம்பளம்: எம்எஸ்சி, ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் தேர்வு, பிஎச்டி ஐந்தாறு வருஷம். ஜேஆர்எஃப் என்ற அந்த உதவித்தொகை மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000, வாடகைப்படி தனி. சில சமயம் நாலைந்து மாசத்துப் பணம் மொத்தமாக வரும். அதுவரை ரூம்மேட்தான் கதி.

இதெல்லாம் சமாளிக்கலாம். கஷ்டம் வேறு இடத்தில். எங்கள் தெருவில் ஒரு அத்தை, பேரனுக்கு மூளை வாதம், ஏழு வயசு, நடக்க மாட்டான். போன வருஷம் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினார். ஏதோ கிளினிக், ஸ்டெம் செல் ஊசி, நாலு லட்சம். "நீதான் அந்த வேலையில இருக்கியே கண்ணு, மாட்டை வித்துடட்டுமா?"

ரத்த நோய்களுக்கு ஸ்டெம் செல் மாற்றுவது உண்மை. ரத்த ஸ்டெம் செல் இருப்பது எலும்பு மஜ்ஜையில்; வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986-லிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. அங்கேயே ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, அவர்களிடம் பழுதாகியிருந்த ஜீனின் சரியான நகலைச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு நின்றதாக 2024-ல் கட்டுரை வந்தது. மூளை வாதத்துக்கு அப்படி நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை கிடையாது. ஆராய்ச்சிக்கு வெளியே அதைக் கொடுக்கவே கூடாது என்பதுதான் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) விதி. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசே வாங்கக் கூடாது.

"வேண்டாம் அத்தை, பிசியோதெரபியை விடாதீங்க" என்றேன். "அப்ப ஒன்பது வருஷமா அங்க என்னதான் பண்ற?" என்று கேட்டார். மூணு மாசம் என்னோடு பேசவில்லை. மாட்டை விற்கவில்லை, அதுவரை சரி.

தம்பி, சேருவதற்கு முன் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் இரண்டு மாசம் இருந்து பார். சனி ஞாயிறும் போ.